நண்டுக்கால் மெசினைக் கண்டுபிடித்தவர்கள்

மயிலிட்டியில் றொசாந்தியைத் தெரிந்தவர்கள், அவளுக்கு அரியண்டம், அருவருப்பு, மூக்கில் கிடையாது, மனதில்தான் என்று சொல்வார்கள். அது சரியான பேச்சு. அழுகிய மீன்குடலை வெறுங்கையால் அள்ளி எறிவாள். நண்டு அவிகிற கிடாரத்துக்கு மேலே குனிந்து நின்று, ஆவி முகத்தில் அடிக்க அடிக்க, பக்கத்தில் நிற்பவளோடு கலியாண வீட்டுக் கதை கதைப்பாள். ஆனால் ஒரு மனிசன் சிரித்துக்கொண்டே பொய் சொன்னால் தொண்டைக்குள் ஏதோ புரளும். எழும்பிப் போய்த் துப்பிவிட்டு வருவாள்.

சின்ன வயதில் போருக்குள் ஊரைவிட்டு ஓடி, அகதிகளின் நலன்புரி நிலையங்களில் வளர்ந்து, அங்கேயே கனிசியஸைக் கலியாணம் முடித்து, மயிலிட்டி ராணுவத்தின் பிடியிலிருந்து விடுபட்டதும் முதல் ஆட்களோடு திரும்பி வந்தவள். கனிசியஸ் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். அவன் கைபட்டால் செத்த எஞ்சினும் இருமிக்கொண்டு எழும்பும். குடித்தால் அந்தக் கை பெண்டில்மேல் நீளும். குடிக்காத நாளில் வாய் நீளும். இரண்டையும் தாங்கிக்கொண்டு றொசாந்தி தெல்லிப்பழைப் பக்கமிருந்த ஒரு நண்டுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். அங்கே பெண்கள் வரிசையாக இருந்து அவித்த நண்டின் சதையை எடுப்பார்கள். பெரிய கால்தான் கரைச்சல். கத்தியின் முதுகால் தட்டினால் ஓடு சில்லுச் சில்லாகச் சதைக்குள் போகும். தட்டுகிறவளின் விரலுக்குள்ளும் போகும். உப்பும் நீரும் பட்டு விரல் வீங்கி, சீழ் கட்டி, ஆஸ்பத்திரியில் கீறி எடுக்காத பெண் அந்த வரிசையில் இல்லை.

ஒரு மாரியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. கனிசியஸுக்கு வேலையில்லை. பழைய எஞ்சின் இரும்பில் பல்லு வைத்த இரண்டு உருளைகள் கடைந்து, மிதித்தால் சுழலுகிற மாதிரி ஒரு மெசின் செய்தான். நண்டுக்காலை நடுவில் போட்டால் ஓடு உடையும் என்பது அவன் எண்ணம். ஓடு உடைந்தது. சதையும் களியாகிப் போனது. சின்னக் காலோ உடையாமலே கீழே விழுந்தது. இரண்டு நாள் மினக்கெட்டுவிட்டு, மெசினுக்கு ஒரு உதை கொடுத்துவிட்டுக் கள்ளுத் தவறணைக்குப் போய்விட்டான்.

றொசாந்தி சமைக்கும்போதும் கூட்டும்போதும் அந்த மெசினைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவனுக்குச் சோறு போடும்போது சொன்னாள். உருளைகளை ஒன்றுக்கொன்று நேராக வைக்காமல், ஒரு முனையில் ஒடுக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சரித்து வைத்தால் என்ன? ஒடுங்கிய முனையில் காலைப் போட்டால் அது உருளைகளின் மேலே உருண்டு போகும். தன் பருமனுக்குச் சரியான இடைவெளி வந்ததும் அந்த இடத்திலேயே உள்ளே இழுபட்டு, ஓடு மாத்திரம் வெடித்துக் கீழே விழும். சின்னக் கால் முன்னுக்கு, பெரிய கால் பின்னுக்கு.

அவன் சோற்றுக் கையோடு எழும்பிப் போய் மெசினைப் பார்த்தான். "ம்" என்றான். அவளுடைய பதினைந்து வருசக் கலியாண வாழ்க்கையில் அவன் அவளுக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான். அடுத்த கிழமை மெசின் சரிவந்தது. முழுச் சதை, மடல் மடலாக, ஓடில்லாமல்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் கனிசியஸ் குருநகரில் வேறொருத்தியோடு இருக்கப் போய்விட்டான். எஞ்சின் திருத்துகிற ஆயுதப் பெட்டியைக் கொண்டுபோனான். மெசின் பாரமென்று விட்டுப் போனான். மகள் லவீனாவையும் விட்டுப் போனான். தன் தாய் மக்டலீனையும் விட்டுப் போனான். மாமியும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தபடியே அவன்மேல் மல்லாகம் நீதிமன்றத்தில் பிள்ளையின் செலவுக்குக் காசு கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போட்டார்கள்.

மெசினை றொசாந்தி ஒரு லான்ட்மாஸ்டர் உழவுயந்திரத்தின் பெட்டியில் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாள். வரிசையிலிருந்த பெண்களின் விரல் ஆறட்டும் என்பதைத் தவிர அப்போது வேறு யோசனை இல்லை.

தொழிற்சாலையின் முகாமையாளர் நிருஷன். தெல்லிப்பழையில் நல்ல தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. லண்டனில் படித்துவிட்டு வந்தவன். முப்பத்தைந்து வயது இருக்கும். முன்பு அவளைக் கண்டால் தலையாட்டுவதோடு சரி. மெசின் வந்த பிறகு "அக்கா, அக்கா" என்று பின்னால் திரிந்தான். யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு தொழில் கண்காட்சிக்கு மெசினைக் கொண்டுபோய் வைத்து, அதன் மேலே பெரிய பதாகை கட்டினான்: "கணவனால் கைவிடப்பட்ட தாயின் தனித்த கண்டுபிடிப்பு". றொசாந்திக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்து மெசினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தான். வெளிநாட்டு உதவி நிறுவனத்து ஆட்கள் வருகிற நேரம் பார்த்துக் காதுக்குள் சொன்னான்.

"அக்கா, அவர் விட்டிட்டுப் போனதைச் சொல்லுங்கோ. அழுகை வந்தால் அடக்காதேங்கோ. அவைக்கு அதுதான் பிடிக்கும்."

அவளுக்கு அழுகை வரவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. என்றாலும் சிரித்துக்கொண்டு நின்றாள். படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தச் சேலையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிணற்றடியில் வெகுநேரம் முழுகினாள். தன்மேலேயே ஏதோ ஊத்தை பிடித்தது போல இருந்தது.

பிறகு ஒருநாள் நிருஷன் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, குளிர்பானம் கொடுத்து, கொஞ்சக் கடுதாசிகளை முன்னால் வைத்தான். மெசினுக்குப் பேற்றன்ற், அதாவது ஆக்கவுரிமை, எடுக்கப் போவதாகச் சொன்னான். கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு பிரகடனம் வேண்டும். அதில் ஒரு ஒப்பம் போட்டால் சரி. மெசின் கம்பனியின் பெயருக்கு வந்துவிடும், அவளுக்குப் பெயர் வரும்.

றொசாந்தி ஓ.எல். சோதனை வரை முகாம் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீஷ் மெல்ல மெல்ல எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கண்டுபிடிப்பாளர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது நிருஷன். இரண்டாவது அவள். அதுவும் அடையாள அட்டையில் இருக்கிற முழுப்பெயர் இல்லை, "றோசா" என்று வேலைத்தலத்தில் கூப்பிடுகிற பெயர். மூன்றாவது கடுதாசியில் எழுத்தே இல்லை. ஒப்பம் வைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி மட்டும்.

"சேர், உங்கடை பேர் ஏன் இதிலை கிடக்குது?"

"இடம் தந்தது நான், காசு போட்டது நான், கண்காட்சிக்குக் கொண்டுபோனது நான். என்னக்கா நீங்கள், சின்னப்பிள்ளை மாதிரி!"

"மெசின் செய்தது கனிசியஸ். அவரின்ரை பேர் இல்லையே."

நிருஷன் கதிரையை முன்னுக்கு இழுத்துக் குரலைத் தாழ்த்தினான். "அந்தக் குடிகாரனோ? உங்களுக்கு அடிச்சவன், பிள்ளையை விட்டிட்டு ஓடினவன். உங்களுக்காகத்தானக்கா அவன்ரை பேரை விட்டனான். உங்களுக்குச் சந்தோசமாயிருக்கும் எண்டு நினைச்சன்."

அவன் சொன்னதில் கேடுகெட்ட விசயம் என்னவென்றால், அவளுக்கு உண்மையிலேயே ஒரு கணம் சந்தோசமாக இருந்தது. கனிசியஸின் பெயரில்லாத ஒரு கடுதாசி. அவன் கைபட்ட இரும்பு, அவன் இல்லாமல். அந்தச் சந்தோசம் நாக்கில் தித்தித்து, உடனே கசந்தது. அவள் பேனையை மூடி வைத்தாள்.

"வெறுங்கடுதாசியிலை நான் ஒப்பம் வைக்கமாட்டன் சேர். இதை எழுதின லோயரோடை ஒருக்கால் கதைக்கவேணும்."

அன்று பின்னேரம் மக்டலீனிடம் சொன்னாள். மாமி முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ரை மோன் ஒரு நாய். கோயில்லை வைச்சும் சொல்லுவன். ஆனால் அந்த உருளையைக் கடைஞ்சது அந்த நாய்தான் பிள்ளை. ராப்பகலாக் கடைஞ்சவன், நான் பாத்தனான்."

"அவரின்ரை பேருக்குப் பக்கத்திலை என்ரை பேர் இருக்கிறதை நினைச்சாலே எனக்குச் சத்தி வருது மாமி."

"வரட்டும். எடுத்திட்டு வாயைக் கொப்புளி. அதுக்காக இல்லாததை உள்ளதெண்டு எழுதிறதே?"

கொழும்பிலிருந்த வழக்கறிஞரின் பெயர் சாருஜா. அடுத்த கிழமை நிருஷனின் அறையில், கணினித் திரையில் வந்தார். மெலிந்த, நித்திரை குறைந்த முகம். வணக்கம் சொன்னதும் வளைத்துக் கதைக்காமல் கேட்டார்.

"றொசாந்தி, இந்த மெசினிலை ஆர் எதை யோசிச்சது? முதல்லை இருந்து சொல்லுங்கோ."

றொசாந்தி சொன்னாள். பல்லு வைத்த உருளை, மிதி, களியான சதை, உதை, சரிவு, ஒடுக்கம், அகலம், சோற்றுக் கை. நிருஷன் இரண்டு தரம் குறுக்கே வந்தான். சாருஜா இரண்டு தரமும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நிருஷன், காசு போட்டவரும் இடம் குடுத்தவரும் கண்டுபிடிப்பாளர் இல்லை. சொன்னபடி ஆணி முறுக்கினவரும் இல்லை. புதுசா ஒண்டை யோசிச்சுக் குடுத்தவர்தான். இவ சொல்லுறதைப் பாத்தால் ரெண்டு பேர். இவவும் அவவின்ரை மனுசனும். நீங்கள் இல்லை."

"அவனை விட்டிட்டுப் போட ஏலாதோ?"

"தெரிஞ்சுகொண்டு ஒருத்தரை விட்டாலும், இல்லாத ஒருத்தரைச் சேர்த்தாலும் பிரகடனம் பொய். நாளைக்கு இந்த மெசின் காசு உழைக்கத் தொடங்கினால் ஆரும் கோட்டுக்குப் போய் முழுதையும் விழுத்தலாம்."

"அவனுக்கு ஏதும் குடுத்து, பேர் வேண்டாம் எண்டு எழுதி வாங்கினால்?"

"தனக்குப் பேர் வேண்டாமெண்டு அவர் தானே ஆக்கவுரிமை அலுவலகத்துக்கு எழுதலாம். அப்பிடி எழுதித் தாறன் எண்டு நீங்கள் முதலே வாங்கி வைக்கிற வாக்குறுதி சட்டத்திலை செல்லாது." சாருஜா திரையில் எதையோ திறந்து பார்த்தார். "மற்றது, நீங்கள் என்னட்டைச் சொல்லாமல் கண்காட்சிக்குக் கொண்டு போயிருக்கிறியள். இலங்கையிலை ஒரு வருசத்துக்குள்ளை விண்ணப்பிச்சால் தப்பலாம். வெளிநாட்டிலை கன இடத்திலை அந்தச் சலுகை இல்லை. அந்தக் கதவு பூட்டுப்பட்டிட்டுது. மெசினும் வீட்டிலை, வேலை நேரத்துக்கு வெளியிலை செய்தது. கம்பனிக்கு உரிமை வேணுமெண்டால் ரெண்டு பேரும் எழுத்திலை மாத்தித் தரவேணும்."

நிருஷனின் முகத்தில் அந்த "அக்கா" முகம் கழன்று விழுந்ததை றொசாந்தி பார்த்தாள். கீழே இருந்த முகம் அவளுக்குப் பழக்கமானது. கனிசியஸ் சோற்றுக்கோப்பையை எறியுமுன் வைத்திருக்கிற அதே முகம்.

வேறு வழியில்லாமல் அவள் பஸ் ஏறிக் குருநகருக்குப் போனாள். கனிசியஸ் கடற்கரை ஒழுங்கையில் தகரக் கொட்டிலொன்றில் பட்டறை வைத்திருந்தான். உள்ளே கழிவு ஒயிலும் புளித்த கள்ளும் மணத்தன. அவன் கை துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தான். ஒரு காலத்தில் அவனை "நீங்கள்" என்று கூப்பிட்டவள். இன்றைக்கு வாயில் "நீர்" தான் வந்தது.

"மெசினுக்குப் பேற்றன்ற் போடவேணும். உம்மடை பேரும் என்ரை பேரும். ஒப்பம் வேணும்."

விசயத்தை முழுதும் கேட்டுவிட்டு அவன் சிரித்தான். "உன்ரை பேர் என்னத்துக்கு? பொம்பிளை கண்டுபிடிச்சதெண்டால் ஆர் நம்புறது?"

"சரிவு ஆர் சொன்னது?"

"ஓ, அது சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னனி." ஒரு நட்டை எடுத்து விரலில் உருட்டினான். "ஒப்பம் வைக்கிறன். மல்லாகத்து வழக்கை வாபஸ் எடு. பிறகு வைக்கிறன்."

"அது பிள்ளைக்குச் சாப்பாடு."

"அப்ப ஒப்பமில்லை." அவன் எட்டி அவளுடைய தோளில் கை வைத்தான். "இல்லாட்டில் ஒரு நாளைக்கு இஞ்சை நிண்டு ஆறுதலாக் கதைப்பம்."

அவள் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். ஒழுங்கை முடக்கில் மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். பச்சைத் தண்ணீர்தான் வந்தது. வலையின் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த ஒரு மனிசி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் நிருஷனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, மெசினோடு கிடைத்த வரிசைப் பொறுப்பு இனி அவளுக்கு இல்லை, பின்னால் நண்டின் ஓடும் குடலும் கழுவுகிற இடத்துக்குப் போகலாம் என்றான். பிறகு, ஒளிக்கவேண்டிய விசயமாகக்கூட நினையாமல், தான் வேறொரு வழக்கறிஞரைப் பிடித்துவிட்டதாகவும் விண்ணப்பம் போய்விட்டதாகவும் சொன்னான்.

"ஆரின்ரை பேரிலை?"

"என்ரை பேரிலை. நான் மட்டும்தான். உங்கள் ரெண்டு பேரின்ரை குடும்பச் சண்டைக்குள்ளை கம்பனி தலைபோட ஏலாது."

றொசாந்தி அந்த இடத்திலேயே கையுறையைக் கழற்றி அவன் மேசையில் போட்டாள். அதில் நண்டுத் தண்ணீர் சொட்டி அவனுடைய கடுதாசிகளில் பரவியது. வேலை முடிந்தது.

வீட்டுக்குப் போய்ச் சாருஜாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் பெருமூச்சு விட்டார். தான் கம்பனிக்காக வேலை செய்த ஆள், இந்த விசயத்தில் அவளுக்காக நிற்க முறையில்லை என்றார். கம்பனியிடமிருந்து தான் விலகிவிட்டதாகவும் சொன்னார். அவளும் கனிசியஸும் சேர்ந்து தங்கள் சொந்தப் பெயரில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி, அந்த வேலை தெரிந்த வேறொரு வழக்கறிஞரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்.

ஆனால் கனிசியஸின் ஒப்பம்? இந்த முறை மக்டலீனும் கூட வந்தார். பட்டறை வாசலில் நின்று, றொசாந்தி ஒரேயொரு வசனம்தான் சொன்னாள்.

"மெசினை நிருஷன் தான் கண்டுபிடிச்சதெண்டு எழுதிப் போட்டான்."

கனிசியஸ் கையிலிருந்த நட்டை நிலத்தில் எறிந்தான். "ஆர்? உந்தச் சப்பாத்துப் போட்ட பொடியனோ? அவனுக்கு ஆணிக்கும் நட்டுக்கும் வித்தியாசம் தெரியுமே? கொண்டா கடுதாசியை!"

உண்மைக்காக வராத ஒப்பம் ஆத்திரத்துக்காக வந்தது. வழக்கைப் பற்றி அவன் மூச்சும் விடவில்லை, மறந்தே போனான். தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று மட்டும் அடம்பிடித்தான். விலாசத்துக்கும், "கனிசியஸ் எஞ்சின் வேலைத்தலம், உரிமையாளர்" என்று போடச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினான். றொசாந்தி அப்படியே எழுத விட்டாள். முதலாவதோ இரண்டாவதோ, உள்ளது உள்ளபடி இருந்தால் சரி. அவன் ஒப்பம் வைத்த பேனையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் தன் ஒப்பத்தை வைத்தாள், அடையாள அட்டையில் இருக்கிற முழுப்பெயரில்.

சாருஜா காட்டிய வழக்கறிஞர் விண்ணப்பத்தைத் தவறில்லாமல் போட்டார். கூடவே, நிருஷனின் விண்ணப்பத்துக்கு எதிராக ஒரு ஆட்சேபமும் எழுதி, கம்பனியின் முகநூலில் கிடந்த கண்காட்சிப் படங்களை இணைத்தார். தன் கையால் கட்டிய பதாகையில் ஒரு தாயின் தனித்த கண்டுபிடிப்பு என்று எழுதியவன், பிரகடனத்தில் தானே தனியாகக் கண்டுபிடித்தேன் என்று எழுதியிருந்தான். இரண்டுமே பொய். ஆனால் ஒன்றையொன்று கடித்த பொய். கொஞ்ச மாதத்தில் நிருஷன் சத்தமில்லாமல் விண்ணப்பத்தை மீளப் பெற்றான். ஒரு சொல் மன்னிப்பு வரவில்லை. தெல்லிப்பழைச் சந்தியில் கண்டால் இப்போதும் "எப்பிடியக்கா சுகம்?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்கிறான். அவள் மறுபக்கம் திரும்பித் துப்புகிறாள்.

மல்லாகத்தில் தாபரிப்பு வழக்கு வந்தபோது, தனக்குத் தொழிலில்லை, நாட்கூலி என்று கனிசியஸ் கைகட்டி நின்றான். றொசாந்தியின் வழக்கறிஞர், வேலைத்தல உரிமையாளர் என்று அவனே ஒப்பம் வைத்த விண்ணப்பத்தின் பிரதியை நீட்டினார். நீதவான் வாசித்துவிட்டு அவனைப் பார்த்தார். லவீனாவின் படிப்பு முடியுமட்டும் மாதாமாதம் கட்டவேண்டுமென்று கட்டளை வந்தது. வெற்றிதான். ஆனால் அந்தக் கூண்டில் அவன் கண்ணீர் விட்டுக் கெஞ்சியதைப் பார்த்தபோது றொசாந்திக்கு வெற்றியின் ருசி ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டில் தலைமயிரைக் கண்டது போலத்தான் இருந்தது.

இப்போது மயிலிட்டி இறங்குதுறைக்குப் பக்கத்தில் றொசாந்தியும் சேர்ந்திருக்கிற பெண்கள் சங்கத்தின் கொட்டிலில் அந்த மாதிரி மெசின்கள் மூன்று ஓடுகின்றன. தொழிற்சாலையில் அவளோடு இருந்த பெண்களில் பாதிப்பேர் இங்கே வந்துவிட்டார்கள். ஆக்கவுரிமை விண்ணப்பம் கொழும்பில் பரிசோதனையில் கிடக்கிறது. அது வருகிறபோது வரும். கனிசியஸ் தன் பட்டறைச் சுவரில் அதன் பிரதியைக் கண்ணாடி போட்டு மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம், "நான் கண்டுபிடிச்சது, பெண்டிலும் கொஞ்சம் கைகுடுத்தவள்" என்று சொல்கிறானாம். உருளையின் பல்லுத் தேய்ந்தால் அதைத் திருப்பிக் கடைய அவனை விட்டால் ஆளில்லை. அதனால் இடைக்கிடை வருகிறான். வந்தால் றொசாந்தி கொட்டிலின் மறுகோடிக்குப் போய், அவன் போகுமட்டும் திரும்பிப் பாராமல் நண்டு கழுவுவாள்.

போன மாதம் சங்கத்துக்கு ஒரு பத்திரிகைக்காரர் வந்து, மெசினைக் கண்டுபிடித்தது யாரென்று கேட்டார். பக்கத்திலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "றொசாந்தி" என்றார்கள்.

"இல்லை," என்றாள் அவள். "ரெண்டு பேர். மற்றவரின்ரை பேரையும் எழுதுங்கோ, கனிசியஸ்." சொல்லிவிட்டு எழும்பிக் கொட்டிலுக்கு வெளியே போனாள். திரும்பி வந்தபோது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.